வாடகைக்கு விட வீடு வாங்குகிறீர்களா? கணக்கை வாடகையிலிருந்து தொடங்குங்கள்

வாடகைக்கு விடுவதற்கென்றே முதல்முறையாக வீடு வாங்குபவர்கள் வழக்கமாகச் செய்வது இதுதான்: வீட்டைப் பார்க்கிறார்கள், விலை பேசுகிறார்கள், டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கிறார்கள், வங்கிக்கு ஓடுகிறார்கள். பத்திரம் முடிந்த பிறகுதான் "சரி, இதுக்கு என்ன வாடகை கிடைக்கும்?" என்று புரோக்கரிடம் கேட்கிறார்கள். அப்போது வரும் பதில் எதுவாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அந்தக் கேள்வியை முதலில் கேளுங்கள். கீழே சொல்வது சென்னையையும் தமிழ்நாட்டின் மற்ற ஊர்களையும் மனத்தில் வைத்து எழுதியது. சட்டமும் பதிவுக் கட்டணமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

தெருவில் நடந்து வாடகையைக் கண்டுபிடியுங்கள்

வாங்க நினைக்கும் பகுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான்கைந்து தெருக்கள் நடங்கள். 'டு லெட்' பலகை தொங்கும் ஒவ்வொரு வீட்டையும் குடித்தனம் வரப்போகிறவர் போலவே விசாரியுங்கள்: வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, மெயின்டனன்ஸ் தனியா, தண்ணீர் எப்படி. இணையத்தில் போட்டிருப்பது உரிமையாளர் கேட்கும் தொகை. கடைசியில் முடியும் வாடகை அதைவிட ஆயிரம் இரண்டாயிரம் குறைவாகவே இருக்கும். உண்மைத் தொகை தெரிந்தவர்கள் வேறு சிலர்: அந்த அடுக்ககத்தின் வாட்ச்மேன், தெருமுனையில் இஸ்திரி போடுபவர், மளிகைக் கடைக்காரர். அவர்களிடம் மறக்காமல் கேட்கவேண்டிய இன்னொன்று, அந்தப் பலகை எத்தனை நாளாகத் தொங்குகிறது என்பது. மூன்று மாதமாக ஒரே தெருவில் நான்கு பலகைகள் தொங்கினால், அங்கே சொல்லப்படும் வாடகைக்கு ஆள் இல்லை என்று பொருள்.

கணக்கு

ஓர் எடுத்துக்காட்டு. பழைய இரண்டு படுக்கையறை ஃபிளாட், விலை 60 லட்சம் ரூபாய், அந்தத் தெருவில் முடியும் வாடகை 18,000. ஆண்டுக்கு 2,16,000, விலையில் 3.6 சதவீதம். விளம்பரங்களில் வருவது இந்த எண்தான். இதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

முதலில் செலவுப் பக்கம். மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம். முழு விலைக்கும் பதிவு செய்தால் 5.4 லட்சம். புரோக்கர் கமிஷன் 1 சதவீதம் என்றால் 60,000. பெயின்ட், குழாய், சுவிட்ச் என்று குடிவைக்கத் தயார் செய்ய ஒன்றரை லட்சம். ஆக, வீடு உங்களுக்கு முடிவது 67.5 லட்சத்துக்கு.

இனி வரவு. ஆண்டுக்கு 11 மாத வாடகை மட்டும் வரும் என்று வையுங்கள். ஒரு குடித்தனம் போய் அடுத்தது வர ஒரு மாதம் பிடிக்கும். 1,98,000. அதில் சொத்து வரி 5,000, பழுதுக்கு 15,000, காலியாக இருக்கும் மாதத்தின் மெயின்டனன்ஸ் 3,000 கழித்தால் 1,75,000. இதை 67.5 லட்சத்தால் வகுத்தால் 2.6 சதவீதம்தான்.

இதிலேயே 45 லட்சம் வங்கிக் கடன் என்றால், 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 39,050 ரூபாய். வாடகை போக மாதம் 21,000 ரூபாய் உங்கள் சம்பளத்திலிருந்து போகும். வீடு காலியான மாதம் முழுத் தவணையும் உங்கள் தலையில். "வாடகையே தவணையைக் கட்டிவிடும்" என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கை அவர் முன்னால் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இந்த 21,000 ரூபாயை ஆறு மாதம் இடைவிடாமல் வங்கியில் போட்டுப் பார்த்து, குடும்பம் மூச்சுத் திணறாமல் ஓடுகிறதா என்று கண்ட பிறகு வாங்குவதே பாதுகாப்பு. விலை ஏறும் என்பதற்காக வாங்குபவர்கள் உண்டு. ஏறலாம். ஆனால் அதை மாதக் கணக்கில் வரவாக எழுதக் கூடாது.

கடன் பற்றி ஒரு விவரம். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு மதிப்பில் 90 சதவீதம் வரையும், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதமும், அதற்குமேல் 75 சதவீதமும் கொடுக்கலாம். 10 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்கு இந்த மதிப்பில் முத்திரைத் தீர்வை, பதிவுச் செலவு சேராது. அந்தப் பணம் கையில் ரொக்கமாக இருக்கவேண்டும். பலர் இங்கேதான் கடைசி நேரத்தில் நகையை அடகு வைக்கிறார்கள்.

எந்த மாதிரி வீடு?

ஃபிளாட்டில் தலைவலி குறைவு, வரும்படியும் குறைவு. தனிமனையில் மூன்று நான்கு போர்ஷன்களாகக் கட்டிய வீட்டில் போட்ட முதலுக்கு வாடகை கூடுதலாக வரும். ஒரு போர்ஷன் காலியானாலும் மற்றவை ஓடும். திருப்பூரின் லைன் வீடுகள், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர்ப் பக்கம் தொழிற்சாலை ஊழியர்களுக்கான ஓரறை வீடுகள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் நடக்கின்றன. ஆனால் அங்கே ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள், மோட்டார், கழிவுநீர்த் தொட்டி, பொதுக் குழாய் எல்லாம் உங்கள் பொறுப்பு. வாரம் ஒருமுறையாவது நேரில் போக முடியாதவர் அதில் இறங்க வேண்டாம். வெளியூரிலோ வளைகுடா நாட்டிலோ இருப்பவருக்கு குடியிருப்போர் சங்கம் ஒழுங்காக நடக்கும் ஃபிளாட்டே பொருந்தும்.

ஒத்திக்கு, அதாவது போக்கியத்துக்கு விடுவது பற்றியும் சொல்லவேண்டும். மாத வாடகை கிடையாது. குடிவருபவர் எட்டு லட்சம், பத்து லட்சம் என்று மொத்தமாகக் கொடுப்பார், காலி செய்யும் அன்று அந்தத் தொகையை அப்படியே திருப்பிக் கேட்பார். கையில் வரும் அந்தப் பணத்தை இன்னொரு மனையில் போட்டவர்கள் மூன்று ஆண்டு கழித்துத் திருப்பிக் கொடுக்க முடியாமல் அலைவது சர்வ சாதாரணம். அது உங்கள் வருமானமே இல்லை, கடன். வீட்டின் பேரில் வங்கிக் கடன் ஓடும்போது போக்கியத்துக்கு விடுவது அதைவிட ஆபத்து: தவணை தவறினால் வங்கியின் நடவடிக்கை அந்தக் குடும்பத்தின் வாசலில் வந்து நிற்கும். தொடங்குபவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

வீட்டை எப்போது பார்ப்பது

ஒரே வீட்டை இரண்டு பருவத்தில் பார்க்க முடிந்தால் நல்லது. மே மாதம் போனால் தண்ணீர் தெரியும், நவம்பரில் போனால் வெள்ளம் தெரியும். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர்ப் பகுதிகளில் தண்ணீர் புகுந்த தெருக்கள் எவை என்று அங்கிருக்கும் எவரும் கை காட்டிச் சொல்வார்கள். பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவரில் தண்ணீர் நின்ற கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த ஊர்களில் தரைத்தளம் விலை குறைவாகக் கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது.

தண்ணீருக்குக் கேட்க வேண்டியவை: குடிநீர் வாரிய இணைப்பு உண்டா, எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, போர்வெல் எத்தனை அடி, உப்பா, கோடையில் மாதம் எத்தனை லாரி வாங்குகிறார்கள். சமையலறைக் குழாய்த் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து அரை மணி நேரம் வையுங்கள். மஞ்சளாக மாறினால் இரும்புச் சத்து அதிகம். துணி கறைபடும், குடித்தனம் நிலைக்காது. வெள்ளைப் படலமாகக் காய்ந்த குழாய்கள், ஷவரில் அடைத்துப்போன துளைகள் இரண்டும் கடும் உப்புக்கு அடையாளம். கீசர் ஆண்டுக்கொருமுறை போகும்.

மேல்தளம் என்றால் மொட்டை மாடிக்கு ஏறி, தரையில் பதித்த தட்டோடுகளின் இணைப்புகளில் விரிசல் இருக்கிறதா, மழைநீர் இறங்கும் குழாய் வாயில் செடி முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே, குளியலறையின் மறுபக்கச் சுவரைத் தடவுங்கள். அங்கே பெயின்ட் உப்பி உதிர்ந்தால் குழாய் உள்ளே கசிகிறது. புதிதாக அடித்த பெயின்ட் ஒரு சுவரில் மட்டும் இருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு வயதானவர்கள் வரமாட்டார்கள், வாடகையும் குறையும். இரண்டு பைக் நிறுத்த இடமில்லாத வீட்டுக்கு இன்று ஆள் பிடிப்பது கடினம்.

காகிதங்கள்

இதற்கு ஒரு வழக்கறிஞரை நீங்களே அமர்த்துங்கள். விற்பவரின் வக்கீலும் வங்கியின் வக்கீலும் உங்களுக்காக வேலை செய்பவர்கள் அல்ல. வங்கி பார்ப்பது அது கொடுத்த கடன் பாதுகாப்பாக இருக்கிறதா என்பதை மட்டும்.

தாய்ப்பத்திரத்திலிருந்து, அதாவது சொத்தின் மூலப் பத்திரத்திலிருந்து, இன்றைய உரிமையாளர் வரை கை மாறிய ஒவ்வொரு பத்திரமும் சங்கிலி போல் தொடரவேண்டும். நடுவில் ஒருவர் இறந்திருந்தால் வாரிசுச் சான்றிதழில் உள்ள அத்தனை பேரும் கையெழுத்திட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். மகள்கள் விடுபட்டிருப்பதே அதிகம் நடக்கும் கோளாறு. வில்லங்கச் சான்று, அதாவது சொத்தின் பேரில் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல், 30 ஆண்டுக்காவது போடுங்கள். பதிவுத் துறையின் இணையதளத்தில் பெறலாம். கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு செய்யவேண்டும். தமிழ்நாட்டில் வங்கி அடமானத்துக்கு உரிமைப் பத்திர ஒப்படைப்பு ஆவணம் பதிவாவது வழக்கம் என்பதால் கடன் வில்லங்கத்தில் தெரியும். கடனை அடைத்ததற்கான ரசீது ஆவணமும் அதன் கீழே பதிவாகி இருக்கவேண்டும். "அடைத்துவிட்டோம், வங்கிக் கடிதம் இருக்கிறது" என்பது போதாது. நீதிமன்ற வழக்கும் பதிவு செய்யாத ஒப்பந்தமும் வில்லங்கத்தில் வராமல் போகலாம். அதற்குத்தான் வக்கீலும் அக்கம்பக்க விசாரணையும்.

உரிமையாளருக்குப் பதிலாக, பவர் (அதிகாரப் பத்திரம்) வைத்திருப்பவர் விற்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று நேரில் பார்த்து உறுதி செய்யுங்கள். அவர் இறந்த அன்றே பவர் முடிந்துபோகிறது.

ஃபிளாட்டுக்கு, பிரிக்கப்படாத மனைப் பங்கு எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் படியுங்கள். கட்டடம் பழையதாகி இடித்துக் கட்டும்போது உங்களுக்குக் கிடைப்பது அந்தப் பங்கை வைத்துத்தான். நகரமைப்பு அமைப்புகளான சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. கொடுத்த ஒப்புதல் வரைபடத்தில் இருக்கும் மாடிகளை எண்ணி, நேரில் நிற்கும் மாடிகளோடு ஒப்பிடுங்கள். அனுமதியில்லாத மாடியிலுள்ள வீடு 'மலிவாக' வரும். புதுத் திட்டம் என்றால், மனை 500 சதுர மீட்டருக்கு மேலோ வீடுகள் எட்டுக்கு மேலோ இருந்தால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு கட்டாயம். கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், குறைந்த விலை வகையில் 1 சதவீதம். பணி நிறைவுச் சான்று பெற்ற பிறகு விற்றால் ஜி.எஸ்.டி. இல்லை. கட்டுநர் முதன்முறையாக விற்கும் அடுக்குமாடி வீட்டுக்கு 2023 டிசம்பர் முதல் மனைப் பங்கும் கட்டடமும் சேர்த்து ஒரே மதிப்பில் பதிவு: 50 லட்சம் வரை மொத்தம் 6 சதவீதம், 50 லட்சம் முதல் 3 கோடி வரை 7 சதவீதம்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதத்தை நீங்கள் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்டவேண்டும். விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் பிடித்தம் இதைவிடப் பலமடங்கு. ஆடிட்டரைக் கேட்காமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். பிடிக்க மறந்தால் அந்த வரி உங்கள் பொறுப்பாகிவிடும். ஃபிளாட்டுக்கு சங்கத்திடம் பாக்கி இல்லை என்ற கடிதமும் வாங்குங்கள். பத்திரம் முடிந்த கையோடு மின் இணைப்பு, சொத்து வரி, குடிநீர் வரி மூன்றையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

குடித்தனம் வைக்கும் முன்

இத்தாலியச் சமையலறையும் பொய்க்கூரை விளக்கும் வாடகையை உயர்த்துவதில்லை. எல்லா அறையிலும் ஃபேன், கொசுவலை அடித்த ஜன்னல், துணி காயப்போட இடம், வாஷிங் மெஷினுக்குக் குழாயும் பிளக்கும், தரமான பித்தளைக் குழாய்கள், ஒழுகாத சின்டெக்ஸ் தொட்டி. இவை போதும். மின் மீட்டர் ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனியாக இருக்கட்டும். ஒரே மீட்டரை வைத்துக்கொண்டு யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் வீடுகளில் சண்டை ஓய்வதே இல்லை. குடியிருப்பு இணைப்பில் டியூஷனோ தையல் யூனிட்டோ நடத்த விட்டால் கட்டண வகை மீறலுக்கான அபராதம் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் வரும்.

ஆளைத் தேர்ந்தெடுத்தல்

வாடகை அவருடைய மாத வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் தாங்கும். சம்பளச் சீட்டோ வங்கிக் கணக்கு அறிக்கையோ மூன்று மாதத்துக்குக் கேளுங்கள். முன்பிருந்த வீட்டு உரிமையாளரிடம் பேசுங்கள், இப்போதிருக்கும் வீட்டு உரிமையாளரிடம் அல்ல. இப்போதிருப்பவர் காலி செய்ய வைக்கவேண்டும் என்பதற்காகவே நல்லவிதமாகச் சொல்லக்கூடும். அடையாளச் சான்றின் நகலும் புகைப்படமும் வாங்கி, குடியிருப்பவர் விவரத்தைப் பகுதிக் காவல் நிலையத்தில் கொடுங்கள்.

சாதி, மதம், சாப்பாடு என்று வரிசையாக நிபந்தனை போடுபவர்கள் உண்டு. அது மனிதர்களுக்குச் செய்யும் அவமரியாதை. கணக்குப்படி பார்த்தாலும் ஒவ்வொரு நிபந்தனையும் வீட்டை இன்னும் சில வாரம் காலியாக வைக்கும். கேட்கவேண்டியது மூன்றுதான்: எத்தனை பேர், எத்தனை காலம், வாடகை எந்தத் தேதிக்கு.

ஒப்பந்தம்

பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1960-ஆம் ஆண்டினது. அதற்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாகவேண்டும். அதற்கென இணையதளம் இருக்கிறது. ஒப்பந்தத்தையும் இரு தரப்பு அடையாளச் சான்றுகளையும் ஏற்றிப் பதிவு எண் பெறலாம். 11 மாத ஒப்பந்தம் என்றால் எங்கும் பதிவு வேண்டாம் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். அந்த 11 மாதக் கணக்கு சார்பதிவாளர் அலுவலகப் பதிவைப் பற்றியது. ஓராண்டுக்கு மேல் என்றால் அங்கே கட்டாயம். வாடகை அதிகார அமைப்பின் பதிவு அதிலிருந்து வேறு. பதிவு எண் இல்லாமல் பின்னாளில் வாடகை நீதிமன்றத்துக்குப் போனால் முதல் படியிலேயே தடுமாறுவீர்கள்.

சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் வாங்கும் பழக்கம் இருந்தது. புதிய சட்டம் வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகையை உச்சவரம்பாக வைக்கிறது. மூன்றோடு நில்லுங்கள், திருப்பிக் கொடுக்கும் நாளில் உங்களுக்கும் அது சுலபம்.

ஒப்பந்தத்தில் எழுதவேண்டியவை: வாடகைத் தொகை, எந்தத் தேதிக்குள், எந்த வங்கிக் கணக்குக்கு, ஆண்டுக்கு எத்தனை சதவீதம் உயர்வு, மெயின்டனன்ஸ் யார் கட்டுவது, யார் யார் குடியிருப்பார்கள், இரு தரப்புக்கும் எத்தனை மாத நோட்டீஸ், காலி செய்யும்போது பெயின்டுக்குப் பிடித்தம் உண்டா, எவ்வளவு. பெயின்ட் பற்றி எழுதாமல் விட்டால் கடைசி நாள் தகராறு நிச்சயம். பழுது யார் பொறுப்பு என்பதைச் சட்டத்தின் அட்டவணையே பிரித்துச் சொல்கிறது: கட்டட அமைப்பு, வெள்ளையடிப்பு, குழாய் பதிப்பு, மின் வயரிங் உரிமையாளருக்கு, குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, கழுவுதொட்டி, கீசர் போன்ற அன்றாடப் பழுதுகள் குடியிருப்பவருக்கு. ஃபேன், விளக்கு, சாவி எண்ணிக்கை, மீட்டர் அளவு எல்லாம் ஒரு தனித்தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்து அவருக்கும் அனுப்பிவிடுங்கள். அட்வான்ஸ் கணக்கில் ஏறி, கையெழுத்தும் முடிந்த பிறகே சாவி. "சாமானை இறக்கிட்டு நாளைக்குத் தர்றேன்" என்பவருக்கு அன்பாகவே மறுத்துவிடுங்கள்.

வீட்டுக்குள் போய்ப் பார்க்கவேண்டுமானால் 24 மணி நேரம் முன்பே தெரிவிக்கவேண்டும். வாடகை வரவில்லை என்று தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவது சட்டவிரோதம். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அந்த ஒரு செயலில் அது எதிர்ப்பக்கம் போய்விடும். இரண்டு மாத பாக்கி என்றால் எழுத்தில் நோட்டீஸ், பிறகு வாடகை நீதிமன்றம். ஐந்து மாதம் "பாவம்" என்று விட்டுவிட்டுப் பிறகு கோபப்படுவதைவிட, முதல் மாதம் பத்து நாள் தாமதமான அன்றே போன் செய்து பேசுவது இருவருக்கும் நல்லது.

வரி

வாடகை வருமானத்திலிருந்து நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தை ரசீது எதுவும் இல்லாமலே கழிக்கலாம். அதன்பின் கடன் வட்டி. நம் எடுத்துக்காட்டில் 1,98,000 - 5,000 = 1,93,000; 30 சதவீதம் போக 1,35,100. முதல் ஆண்டு வட்டி சுமார் 3.8 லட்சம் என்பதால் கணக்கில் ஏறத்தாழ 2.45 லட்சம் நட்டம். பழைய வரி முறையில் இருந்தால் இதில் 2 லட்சம் வரை சம்பள வருமானத்தில் கழியும், மீதியை எட்டு ஆண்டு வரை வீட்டு வருமானத்தோடு ஈடுகட்டலாம். புதிய வரி முறையில் அந்த நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. "லோன் போட்டால் வரி மிச்சம்" என்று வாங்கச் சொல்பவர் எந்த முறையை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

குடியிருப்பவர் அலுவலகத்தில் வீட்டு வாடகைப்படிக் கழிவு கேட்டால், ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டும்போது உங்கள் பான் எண்ணைக் கொடுக்கவேண்டும். ஆகவே வாடகையை மறைக்க நினைக்க வேண்டாம். மாத வாடகை 50,000 ரூபாய்க்கு மேல் போனால் அவர் 2 சதவீதம் பிடித்தம் செய்வார். நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் வாடகை எவ்வளவு சிறிதானாலும் 30 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் பிடிக்கவேண்டும். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு வாடகைக்கு விடுபவர்கள் இதைக் குடியிருப்பவருக்கு முதலிலேயே சொல்லிவிடவேண்டும்.

காலி செய்யும்போது

நோட்டீஸ் வந்த அன்றே 'டு லெட்' பலகையை மாட்டுங்கள். கடைசி வாரத்தில் பழைய தாளையும் வீடியோவையும் கையில் வைத்துக்கொண்டு அவரோடு சேர்ந்தே வீட்டைச் சுற்றிப் பாருங்கள். ஆணி அடித்த துளையும் மங்கிய பெயின்டும் குடியிருந்ததன் தேய்மானம். உடைந்த கண்ணாடியும் காணாமல் போன ஃபேனும் பிடித்தத்துக்கு உரியவை. மீட்டரைப் படம் எடுத்து, அடுத்த கட்டணம் வரும் வரைக்குமான யூனிட்டைக் கணக்கிட்டுக் கழித்து, பிடித்தம் ஒவ்வொன்றையும் தொகையோடு எழுதிக் கொடுங்கள். மீதி அட்வான்ஸ் ஒரு மாதத்துக்குள் திரும்பவேண்டும் என்பது சட்டம். அந்தத் தொகையைத் தொடாமல் தனிச் சேமிப்புக் கணக்கில் வைத்திருந்தால் சாவியை வாங்கும் அன்றே அனுப்பிவிடலாம்.